கையிருப்பு

மெட்ஃபார்மின், ஐந்நூறு மில்லிகிராம்.
கேட்டது பன்னிரண்டாயிரம். வந்தது நாலாயிரம்.
பதிவேட்டில் இரண்டையும் எழுதலாம்.
நடுவில் காணாமல் போனதற்குக் கட்டம் இல்லை.

முப்பது நாளைப் பத்து நாளாக்கினேன்.
கத்தரிக்கோல் என்னுடையது,
உசிலம்பட்டிச் சந்தையில் சொந்தக் காசில் வாங்கியது.
செவ்வாய்க்கிழமை சுகர், பிரஷர் வரிசை,
நூற்றெழுபது பேர்.
மாத்திரை அட்டையை வெட்டும்போது
தகரம் கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை இப்போது.

"பத்து நாள் கழிச்சு வாங்க."

கல்லூத்துப்பட்டியிலிருந்து ஷேர் ஆட்டோ
போக வர அறுபது.
நூறு நாள் வேலையில் ஒரு நாள் போய்விடும்.
ஒச்சம்மா வரிசையில் நின்றபடியே
இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள்.
பிறகு பத்து நாள் தின்றாள், இருபது நாள் தின்னவில்லை.

ஆடியில் கால் பெருவிரலில் ஒரு கொப்புளம்,
"கருவேல முள்ளுதான்."
ஐப்பசியில் மதுரை ரிங் ரோட்டில்
முழுக்கக் கண்ணாடி வைத்த ஆஸ்பத்திரி.
அங்கே கேட்டது வேறு அட்டை, காப்பீட்டு அட்டை.
கைரேகை முதல் தடவையிலேயே ஒத்துப்போனது.
முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.
ஒரு பைசா வாங்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.
திட்டம் சொன்னபடி வேலை செய்தது.

அவள் தின்னாமல் விட்ட மாத்திரைகளின் விலையை
ஒரு மத்தியானம் கால்குலேட்டரில் தட்டினேன்.
அறுவைச் சிகிச்சைக்குப் போன தொகையை
அதற்குப் பக்கத்தில் எழுதப் போய்
பேனாவை மூடிவிட்டேன்.

எங்கள் நிலையத்துக்கு மூன்று கல்வெட்டு.
அடிக்கல்லுக்கு ஒன்று, திறப்புக்கு ஒன்று,
ஆட்சி மாறியதும்
தரம் உயர்த்தியதற்கு இன்னொன்று.
திறந்தே வைத்திருப்பதற்கு
இந்தத் தேசத்தில் எவரும் நாடா வெட்டுவதில்லை.
'தற்காலிகம்' என்ற சொல்லுக்குள்
ஆறு வருஷமாய் இருக்கிற நர்ஸ் செலின்ராணி,
நிறைசூலியை மேசையில் படுக்கவைத்துவிட்டு
பைக்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சி
ஜெனரேட்டரை ஓடவைத்த மொக்கராசு:
இவர்கள் பேரைச் செதுக்க
இடம் இருக்கிறது, உத்தரவு இல்லை.

தை மாதம் கிராமசபை, பள்ளிக்கூட மைதானம்.
ஒச்சம்மா கம்பை ஊன்றி வந்தாள்.
தோளில் சாக்குப்பை.
அவிழ்த்துக் கொட்டினாள்:
ஊரெல்லாம் பொறுக்கிய காலி அட்டைகள்,
எல்லாம் என் வெட்டு.
விளிம்பைப் பார்த்தே தெரிந்தது எனக்கு.

"இலவசமாக் குடுக்குறதுல கொறை சொல்லலாமாத்தா?"
என்றார் ஒரு கரைவேட்டி.
"எது எலவசம்?
சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரியச் சேத்துத்தான குடுக்கேன்.
கால எடுக்கக் காசு இருந்துச்சுல்ல,
அது எந்தப் பொட்டியில இருந்து வந்துச்சு?
மாத்திரைக்கு மட்டும் எந்தப் பொட்டி?"
பதில் சொல்ல வேண்டியவர்
செல்போனை எடுத்துக்கொண்டு வேம்படிக்குப் போனார்.

தீர்மானம் ஏழு:
கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு,
மாதாமாதம் வாசலில் பலகையில் எழுதவேண்டியது.

மறுநாள் மேலே இருந்து போன்.
"எண்ணிக்கைய வெளிய சொன்னது யாருய்யா?"
"தெரியாது சார்."
பதிவேட்டின் அந்தப் பக்கத்தை
நானேதான் ஜெராக்ஸ் எடுத்திருந்தேன்,
மூன்று பிரதி, ஆறு ரூபாய்.

மாசியில் பதினோராயிரம் வந்தது.
பங்குனியில் ஒன்பது.
சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் ஆறாயிரம்,
லாரி வரவில்லை என்றார்கள்.
கத்தரிக்கோலை மறுபடி எடுத்தேன்.
பலகையில் எழுதவில்லை,
சாக்பீஸ் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒச்சம்மா வந்தாள்.
வெறும் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
மடியிலிருந்து அரை டப்பா சாக்பீஸை எடுத்து
ஜன்னல் கம்பி வழியாக
மேசையில் வைத்துவிட்டு
வரிசையில் போய் நின்றாள்.

வரவில் ஏற்றவேண்டும்.
எந்தத் தலைப்பில் என்றுதான்
இன்னும் தெரியவில்லை.